கடைசி வரி வரைக்கும் வாசிக்கச் சொன்னவர்

"எரர் வருதுக்கா" என்று அவர் முன்னால் போய் நின்றவர்கள் யாரும் அந்த ஒரு வாக்கியத்தோடு தப்பித்ததில்லை.

"வருதுன்னா? என்ன வருது, மழையா?"

"ஜாப் போக மாட்டேங்குதுக்கா."

"அது நீங்க சொல்லுதீய. மெஷின் என்ன சொல்லுது?"

"என்னமோ நாலஞ்சு வரி இங்கிலீஷ்ல வருது."

"அந்த நாலஞ்சு வரியத்தான் வாசிங்கங்கேன். சத்தமா. கடைசி வரி வரைக்கும்."

முனைவர் பட்டம் வாங்கியவர்கள், வாங்கப் போகிறவர்கள், வாங்கியதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் என்று எல்லோரும் அவருடைய மேசைக்கு முன்னால் நின்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் போல உரக்க வாசித்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மூன்றாவது வரியிலேயே முகம் மாறிவிடும். "ஓ..." என்று இழுத்தபடி திரும்பி நடப்பார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். வறுகடலையை உரித்து, தோலை ஒரு காகிதத்தில் சேர்த்துக்கொண்டிருப்பார்.

அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் அந்தக் கட்டடத்தில் என்னையும் சேர்த்து எல்லோருக்கும் அவர் அக்காதான். ஓய்வுபெற ஆறு மாதம் இருந்த காவலாளிகூட அக்கா என்றுதான் கூப்பிட்டார். எப்படி வந்த பட்டம் என்று தெரியாது. எங்கள் நிலையத்தில் தகுதி பார்த்துக் கொடுக்கப்பட்ட பட்டம் அது ஒன்றுதான் என்பது மட்டும் தெரியும்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், இரண்டு பக்கமும் உப்பளம் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைக்கிற இடத்தில் எங்கள் கடல் ஆய்வு நிலையம் இருந்தது. அலை, நீரோட்டம், காற்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, நாளைக்குக் கடல் எப்படி இருக்கும் என்று இன்று மாலை நான்கரை மணிக்குள் சொல்வதுதான் அதன் வேலை. அதாவது, பெயர்ப்பலகையில் இருந்த வேலை. நடந்த வேலைகள் வேறு.

அந்தக் கணக்கைப் போடுவதற்கு இருபது கணினிகளை ஒன்றோடொன்று பிணைத்து ஒரு குளிர் அறையில் அடுக்கி வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் கிளஸ்டர். அதன் முன்னால் போய் உட்கார்ந்து யாரும் வேலை செய்ய முடியாது. எத்தனை இயந்திரம் வேண்டும், எத்தனை மணி நேரம் வேண்டும், என்ன வேலை என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். அந்தச் சீட்டுக்குத்தான் ஜாப் என்று பெயர். உள்ளே ஒரு மென்பொருள், ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவரைப் போல, சீட்டுகளை வரிசையில் வைத்து, இடம் காலியானதும் ஒவ்வொன்றாக உள்ளே விடும். சீட்டில் தப்பு இருந்தால் காரணத்தை எழுதித் திருப்பி அனுப்பிவிடும். அந்தக் காரணத்தைப் படிக்க எங்கள் நிலையத்தில் ஒருவருக்கும் நேரம் கிடையாது. அதற்குத்தான் அக்காவை ஆண்டு ஒப்பந்தத்தில் நியமித்திருந்தார்கள்.

அக்காவுக்குச் சொந்த ஊர் மணப்பாடு. சனிக்கிழமை மதியம் பஸ் ஏறினால் திங்கள்கிழமை காலையில் முகத்தில் கடற்காற்றோடு வந்து இறங்குவார். அண்ணன் இரண்டு பேரும் ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறவர்கள். ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பது அக்காதான். நான் ஒரு தடவை போய்க் கேட்டிருக்கிறேன். ஒரு சொல்லை விழுங்க மாட்டார். வாயில் நுழையாத பெயர்கள் பதினாறு வரிசையாக வந்தாலும் பதினாறையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். பின்வரிசையில் கைக்குழந்தை அழுதால், அது அழுது முடிக்கும்வரை நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

அதே கோயில் ஒலிபெருக்கியில்தான் தினமும் மாலை ஐந்து மணிக்கு எங்கள் நிலையத்தின் முன்னறிவிப்பையும் வாசிப்பார்கள். சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் வாசிப்பார். அலை எத்தனை மீட்டர், காற்று எந்தப் பக்கம், போகலாமா கூடாதா. கரை நெடுக அப்படி எத்தனையோ ஊர். எங்கள் நிலையத்தில் அதை நினைவில் வைத்திருந்த ஒரே ஆள் அக்கா என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்கு முன்னறிவிப்பு என்பது ஆண்டறிக்கையில் ஏழாம் பக்கம்.

எங்கள் இணையப் பக்கத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. புதிய அறிக்கை வராவிட்டால் அது சும்மா இருக்காது. நேற்றைய அறிக்கையையே வைத்துக்கொண்டு, மேலே தேதியை மட்டும் இன்றைக்கு மாற்றிக்கொள்ளும். பக்கம் எப்போதும் புதிதாகத் தெரிய வேண்டும் என்று எங்கள் டைரக்டர் ஆசைப்பட்டுச் செய்யச் சொன்ன ஏற்பாடு. இதை மாற்றச் சொல்லி அக்கா மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில், தேதி மட்டும் மாறி வந்தது.

அவரிடம் வந்த கேஸ்கள் ஒவ்வொன்றும் ஒரு கதை.

ஒரு நாள் கனடாவிலிருந்து ஒரு மின்னஞ்சல். எழுதியவர் நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் நிலையத்தில் ஆய்வு செய்துவிட்டுப் போன மாணவர். 'உங்கள் கிளஸ்டரில் யாருடைய ஜாப் நின்றுபோனாலும் எனக்குக் கடிதம் வருகிறது. இந்த மாதம் அறுநூறு வந்துவிட்டது. தயவு பண்ணுங்கள்' என்று கெஞ்சி எழுதியிருந்தார். விசாரித்தால், அவர் எழுதிய சீட்டுத்தான் வாட்ஸப்பில் சீனியரிடமிருந்து ஜூனியருக்கு, ஜூனியரிடமிருந்து அவருடைய ஜூனியருக்கு என்று பரம்பரைச் சொத்து மாதிரி வந்துகொண்டிருந்தது. 'தகவல் தெரிவிக்க வேண்டிய முகவரி' என்று அதில் நான்காவது வரியில் அவருடைய முகவரி இருந்தது. நான்கு வருடமாக ஒருத்தரும் அந்த நான்காவது வரியை வாசிக்கவில்லை. அக்கா எல்லோரையும் கூப்பிட்டு வரிசையாக நிற்கவைத்து அந்தச் சீட்டை வாசிக்கச் சொன்னார். நான்காவது வரி வந்ததும் ஒரு பெண் திகைத்துப்போய், "இது யாருக்கா?" என்றாள்.

"ஏளா, உனக்குப் பதிலா நாலு வருசமா அங்கன கனடாவுல பனியில நின்னு முழிச்சிக்கிட்டு இருக்காரே, அவரு" என்றார் அக்கா.

இன்னொருவர் மூத்த விஞ்ஞானி. இருபது இயந்திரம் உள்ள கிளஸ்டரில் நாற்பது இயந்திரம் கேட்டுச் சீட்டு அனுப்பினார். அது உடனே திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார். பதினொரு நாள் அனுப்பினார். பிறகு கிளஸ்டர் சரியில்லை என்று டைரக்டருக்குப் புகார் எழுதினார். அக்கா அவரை வாசிக்கச் சொன்னார். கேட்ட அளவு இங்கே இல்லை என்று முதல் வரியிலேயே இருந்தது.

"ஏன் சார் நாப்பது கேக்கீய?"

"நம்ம ப்ராஜெக்ட் பெருசும்மா."

"ப்ராஜெக்ட் பெருசுதான் சார். தொழுவத்துல இருபது மாடுதான கட்டலாம்?"

மாட்டோடு ஒப்பிட்டுவிட்டதாக அவர் இன்னொரு புகார் எழுதினார். அன்றிலிருந்து அவரை எல்லோரும் நாற்பது சார் என்று கூப்பிட ஆரம்பித்தோம். அவர் காதில் விழாமல்தான்.

கிளஸ்டரின் சேமிப்பு வட்டில் இடமில்லை என்று ஒருவனுடைய ஜாப் நின்றுபோக, என்னடா என்று உள்ளே பார்த்தால் அவன் தங்கச்சி கல்யாண வீடியோ முழுதும் இருந்தது. அரசாங்க வட்டுதான் பத்திரம் என்று மாமா சொன்னாராம். ஆயுத பூசைக்கு டைரக்டர் இருபது இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, விசிறி இருந்த ஓட்டை பார்த்து விபூதி தூவ, இரண்டு இயந்திரம் இருமிக்கொண்டு நின்றது. அடுத்த வருடம் பூசைக்கு முந்தின நாளே அக்கா குளிர் அறைக் கதவுக்கு ஒரு பெரிய மாலையைப் போட்டு, "சாமி வாசல்லயே இருக்காரு சார். உள்ள குளுரு" என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

ஆனால் அக்காவுக்கு உண்மையிலேயே கோபம் வந்து நான் பார்த்தது துண்டு விஷயத்தில்தான்.

நம் ஊர் பஸ்ஸில் இடம் பிடிக்கிற கலை எல்லோருக்கும் தெரியும். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டால் அந்த இருக்கை நம்முடையது. ஆள் அப்புறம் டீ குடித்துவிட்டு ஆற அமர வரலாம். ஒரு சனிக்கிழமை நானும் அக்காவும் ஒரே பஸ்ஸுக்கு நின்றோம். நான் உடன்குடிப் பக்கம். பஸ்ஸில் கூட்டம் நெரிகிறது, நடுவில் ஒரு இருக்கையில் பச்சைக்கரைத் துண்டு மட்டும் தனியாகப் பயணத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அக்கா அந்தத் துண்டை எடுத்து, நான்காக மடித்து, கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணை உட்காரவைத்தார். வண்டி கிளம்புகிற நேரத்துக்குத் துண்டின் சொந்தக்காரர் ஏறினார்.

"ஏம்மா, துண்டு போட்டிருந்தேம்லா?"

"துண்டுக்கு டிக்கெட் எடுத்திருக்கீயளா அண்ணாச்சி?"

பஸ்ஸே சிரித்தது. அண்ணாச்சி திருச்செந்தூர் வரை நின்றுகொண்டே வந்தார்.

கிளஸ்டரிலும் எங்கள் ஆட்கள் இதைத்தான் செய்தார்கள். மதியம் ஒரு வேலை இருக்கிறது என்றால், காலையிலேயே ஒன்றுமே செய்யாத ஒரு சீட்டை அனுப்பி இயந்திரங்களைப் பிடித்துக்கொள்வார்கள். 'தூங்கு' என்று ஒரே ஒரு கட்டளை மட்டும் அதில் இருக்கும். இயந்திரம் விளக்கு எரிந்தபடி சும்மா கிடக்கும். மற்றவர்களுடைய வேலை வெளியே வரிசையில் நிற்கும். வேறெந்த ஊர்க் கிளஸ்டரிலாவது இப்படி உண்டா என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் வளர்ந்த புத்தி. அக்கா இவற்றுக்குத் துண்டு என்றே பெயர் வைத்திருந்தார். கண்ணில் பட்டால் உடனே போன் வரும். "ஏலே, உன் துண்டு கெடக்கு. நீ வாரியா, நான் மடிச்சு வைக்கவா?"

இனி என் கதைக்கு வருகிறேன். இதுவரை மற்றவர்களைப் பற்றிச் சொல்லும்போது இருந்த உற்சாகம் இனி எனக்கு இருக்காது.

நான் அப்போது அங்கே ஒப்பந்த விஞ்ஞானி. அக்காவைப் போலவே எனக்கும் வருடா வருடம் டைரக்டர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை. என் மனைவிக்கு ஏழாம் மாதம். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தலைநகரிலிருந்து ஒரு உயரதிகாரி எங்கள் நிலையத்தைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. டைரக்டர் தரையில் நிற்கவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு, வாசலுக்கு வாழைமரம். கிளஸ்டர் அறைக்கு வெளியே ஒரு பெரிய திரை, அதன் முன்னால் ஒரு சிவப்புப் பொத்தான். எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்த பொத்தான் அது. அதை அதிகாரி அழுத்தினால் இருபது இயந்திரத்திலும் பச்சை விளக்கு துடிக்க, திரையில் கடல் அலை வண்ண வண்ணமாக எழும்ப வேண்டும். அந்த அலைக்கும் உண்மைக் கடலுக்கும் சம்பந்தம் கிடையாது. நான்தான் வண்ணம் கொடுத்தேன்.

அன்று காலை டைரக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மூணு மணிக்கு அவர் பட்டனை அழுத்துறார். வரிசையில நிக்குதுன்னு வரக்கூடாது. காலையிலேயே இருபதையும் பிடிச்சு வச்சிரு. அவர் உள்ள வந்ததும் அதை எடுத்துட்டு நம்ம டெமோவை விடு."

"சார், ஒரு மணிக்கு முன்னறிவிப்பு ஜாப் இருக்கு..."

"ஒரு நாள் வராட்டி கடல் வத்திராது. ரினியூவல் ஃபைல் இப்ப என் மேசையிலதான் இருக்கு, தெரியும்ல?"

தெரியும். ஒன்பது பத்துக்கு என் கணக்கிலிருந்து இருபது இயந்திரத்துக்கும் துண்டு போட்டேன்.

ஒரு மணிக்கு முன்னறிவிப்பு ஜாப் வந்தது. அதற்குப் பத்து இயந்திரம் வேண்டும், இரண்டரை மணி நேரம் ஓட வேண்டும். இடமில்லாமல் வரிசையில் நின்றது. ஒன்று ஐந்துக்கு அக்கா என் அறை வாசலில் நின்றார். அவராகப் படியேறி வந்து நான் பார்த்ததில்லை.

"டாக்டரே, உங்க துண்டு கெடக்கு."

நான் டைரக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, கையிலிருந்த தாளை என் மேசையில் வைத்தார். தெற்கே வெகுதூரத்தில், நடுக்கடலில் மிதக்கிற அளவுகருவி ஒன்று காலையில் அனுப்பியிருந்த எண்கள்.

"இதை வாசிங்க. அங்கன அலை பெருசா எந்திச்சிருக்கு. இங்கன காத்து கிடையாது, மேகம் கிடையாது. நாளைக்கு விடியக்காலம் அண்ணன்மாரு கடலைப் பாத்தா பால் மாதிரி இருக்கும். எறக்கிருவாங்க. அப்புறம் அலை வந்தா கரையேற முடியாது. எப்ப வருது, எவ்வளவு வருதுன்னு ஜாப் ஓடுனாத்தான் தெரியும்."

"மணப்பாட்டுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்களேன்க்கா."

"மணப்பாட்டுக்குச் சொல்லுவேன். மத்த ஊருக்கு? உங்க வெப்சைட் இன்னைக்குத் தேதியைப் போட்டுக்கிட்டு நேத்தைய அறிக்கையக் காட்டும். கடல் அமைதின்னு. அதைத்தான மைக்குல வாசிப்பாங்க?"

"டைரக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

அவரே டைரக்டருக்குப் போன் செய்தார். டைரக்டர் வாகைக்குளம் விமான நிலையத்தில் பூங்கொத்தோடு நின்றிருந்தார். எடுக்கவில்லை. மூன்று தடவை செய்த பிறகு 'மீட்டிங்கில் இருக்கிறேன்' என்று ஒரு செய்தி வந்தது.

"துண்டை எடுங்க டாக்டரே."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, எடுலே!"

அவர் என்னை ஏலே என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். ஒரு விசையை அழுத்தினால் போதும். நான் அழுத்தவில்லை. என் மனைவியை நினைத்தேன், ஃபைலை நினைத்தேன், கடைசியில் கடலைத் தவிர எல்லாவற்றையும் நினைத்தேன்.

அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு அவர் கீழே இறங்கிப் போனார். ஒன்று நாற்பதுக்கு என் திரையில் ஒரு செய்தி வந்தது. என் ஜாப் நிர்வாகியால் நீக்கப்பட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு செய்தியை யாரும் சொல்லாமலே கடைசி வரி வரைக்கும் வாசித்தேன்.

மூன்று மணிக்கு உயரதிகாரி வந்தார். கைத்தட்டலுக்கு நடுவில் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். பத்து இயந்திரம் முன்னறிவிப்பில் மும்முரமாக இருந்ததால், இருபது கேட்ட டெமோ வரிசையில் போய் நின்றது. திரையில் 'பெண்டிங்' என்று மட்டும் வந்தது. எல்லோரும் காத்திருந்தோம். டைரக்டரின் நெற்றியில் சந்தனம் கரைந்தது. அதிகாரி இரண்டு நிமிடம் திரையைப் பார்த்துவிட்டுப் பெருந்தன்மையாகச் சொன்னார். "எங்க ஆபீஸிலும் இதுதான் நிலைமை." பிறகு முந்திரிக்கொட்டை, மக்ரூன் வைத்த தட்டின் பக்கம் நகர்ந்துவிட்டார்.

நான்கு பத்துக்கு ஜாப் முடிந்தது. நான்கரைக்கு அறிக்கை போனது. நாளை காலையில் கரையோரத்தில் அலை திடீரென்று உயரும், யாரும் கடலுக்குப் போக வேண்டாம். ஐந்து மணிக்கு உபதேசியார் மூன்று தடவை வாசித்தாராம்.

மறுநாள் காலை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒன்பது மணிக்கு மேல் அலை எழும்பி, மணல்மேட்டைத் தாண்டிப் படகுகள் நிற்கிற இடம் வரைக்கும் வந்ததாக அக்காவின் அண்ணன் போனில் சொன்னார். ஒரு படகும் இறங்கவில்லை. அதனால் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. எங்கள் நிலையத்திலும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பொத்தான் வேலை செய்யாததைப் பற்றித்தான் பேசினார்கள்.

விசாரணைக் கமிட்டி போட்டார்கள். டைரக்டர், நிர்வாக அலுவலர், அப்புறம் நாற்பது சார். டெமோவுக்குப் பொறுப்பு என்பதால் நானும் ஒரு ஓரத்தில் உட்கார வேண்டியிருந்தது. அன்றைக்குக் கிளஸ்டரில் நடந்ததை அதுவே எழுதி வைத்திருக்கிற பதிவை அச்செடுத்துக் கொண்டுவரும்படி அக்காவுக்கு உத்தரவு. நான்கு பிரதி கொண்டுவந்தார். எங்களுக்கு ஆளுக்கு ஒன்று, தன் கையில் தனியாக ஒன்று. காகிதத்தை மிச்சம் பிடிக்க இருபக்கமும் அச்சிட வேண்டும் என்று டைரக்டரே போட்ட சுற்றறிக்கைப்படி தாளின் இரண்டு பக்கமும் அச்சாகியிருந்தது.

"வாசிங்க" என்றார் டைரக்டர்.

அக்கா எழுந்து நின்று, பூசையில் வாசிக்கிற அதே குரலில் வாசித்தார். ஒன்பது பத்துக்கு ஒரு ஜாப் வந்தது, இருபது இயந்திரம் எடுத்தது. ஒரு மணிக்கு முன்னறிவிப்பு ஜாப் வந்தது, இடமில்லாமல் நின்றது. ஒன்று நாற்பதுக்கு முதல் ஜாப் நீக்கப்பட்டது. நீக்கியவர் என்ற இடத்தில் தன் பெயரைத் தெளிவாகச் சொன்னார். ஒன்று நாற்பத்தொன்றுக்கு முன்னறிவிப்பு தொடங்கியது. நான்கு பத்துக்கு முடிந்தது.

அத்தோடு முன்பக்கம் முடிந்தது. நீக்கப்பட்ட ஜாப் யாருடையது, அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது பின்பக்கம் கடைசி வரியில் இருந்தது. அதை வாசித்தால், அவர் எடுத்துப் போட்டது வெறும் துண்டு என்பது தெரிந்துவிடும். அவர்மேல் குற்றமே இல்லை. துண்டு போட்டவன் யார் என்பதும் தெரிந்துவிடும்.

அக்கா தாளைத் திருப்பவில்லை. இரண்டாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

நான் மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

"ஆக, யாரோ ஒருத்தரோட முக்கியமான கால்குலேஷனை நீங்க பாட்டுக்குக் கேன்சல் பண்ணிட்டீங்க?" என்றார் நாற்பது சார்.

"ஆமா சார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

மூன்று பேர் கையிலும் அந்தத் தாள் இருந்தது. திருப்பினால் போதும். டைரக்டர் ஏன் திருப்பவில்லை என்பது எனக்குத் தெரியும். மற்ற இரண்டு பேரும் திருப்பாததற்குக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. அவர்கள் எதையுமே திருப்பியதில்லை.

அக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. என்னுடையது புதுப்பிக்கப்பட்டது.

கடைசி நாளன்று அவரை என் வண்டியில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். ஒரே ஒரு பைதான். பஸ் வரக் காத்திருந்தபோது கேட்டேன். "ஏன்க்கா கடைசி வரியை வாசிக்கல?"

"அதுல உங்க பேருதான் இருக்கு. போடச் சொன்னவரு பேரு எந்த வரியில இருக்கு? அதை அந்த மெஷின் எழுதாது டாக்டரே. வாசிச்சா நீங்க மட்டும் மாட்டுவீய. வீட்டுல அப்ப ஏழு மாசம் வேற."

"டைரக்டர் சொன்னாருன்னு நீங்க சொல்லியிருக்கலாமேக்கா."

"என்கிட்டயா சொன்னாரு? உங்ககிட்டல்லா சொன்னாரு. நீங்க சொன்னாத்தான் அது பேச்சு." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "தாளை மடிச்சுட்டு உங்களத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். நீங்க தண்ணி குடிச்சீய."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பஸ் வந்தது. அவர் ஏறி, துண்டு எதுவும் கிடக்காத ஒரு இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கொச்சியில் ஒரு கப்பல் கம்பெனியில் என்றார்கள். விசாரிக்க எனக்கு முகமில்லை.

நான் இப்போது அங்கே நிரந்தரம். கிளஸ்டருக்கு நான்தான் பொறுப்பு. அவருடைய மேசை, அவருடைய நாற்காலி. பிள்ளைகள் வந்து நின்று "எரர் வருது சார்" என்கிறார்கள். "என்ன சொல்லுது, வாசி. கடைசி வரி வரைக்கும்" என்கிறேன். நல்ல பழக்கம் என்று எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். இணையப் பக்கத்தை மட்டும் நான் முதல் வேலையாக மாற்றினேன். அறிக்கை இல்லாத நாளில் இப்போது அது அறிக்கை இல்லை என்றே சொல்லும்.

அன்றைக்கு எனக்குக் கொடுத்த நான்காவது பிரதி மேசை டிராயரில் இருக்கிறது. பின்பக்கத்தில் ஒரே ஒரு வரிதான். நீக்கப்பட்ட ஜாப்பின் வேலை: தூங்கு. இயந்திரம்: இருபது. சமர்ப்பித்தவர் என்ற இடத்தில் என் பெயர். சமர்ப்பிக்கச் சொன்னவர் டைரக்டர் என்று அதில் இல்லை. அதை நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு அக்கா எனக்கு நேரம் கொடுத்தார். நான் தண்ணீர் குடித்தேன்.